சீனியல்லாத சீனி

(எமது சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு. சிற்சில திருத்தங்களுடன் பேசியபடியே இங்கு தரப்படுகிறது.)



தேவாரம் ஓதித் தொடங்கிய ஒரு கூட்டத்திற் சீனியைப் பற்றிப் பேச வந்து நிற்கிறேன். சமய சம்பந்தமான விஷயம் ஒன்றைப் பேசும் தகுதி எனக்கில்லை. முப்பது வருட காலம் இரசாயனம் படிப்பித்தவன் என்ற ஒன்றையே துணையாகக் கொண்டு வந்திருக்கிறேன். நான் வைத்தியன் அல்லன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ உங்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டிய காரியம். அதை இந்த மேடையிற் கேட்கக் கூடாது.

இப்பேச்சுக்குக் காரணம் எங்கள் ஒழுங்கையில் ஒரு தைப்பொங்கலன்று நடந்த சம்பவம். அந்த வீட்டு அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சலரோகம். வெளிநாட்டிலிருந்து வந்த மகள், தாயின் மேலுள்ள பாசத்தினால், இரண்டு பொதி வெள்ளைத் தூள் கொண்டு வந்தாள். "அம்மா, இது சீனியில்லாத சீனி. இனி நீங்கள் ஆசைப்பட்டதைச் சாப்பிடலாம்" என்றாள். அன்று சர்க்கரைக்குப் பதிலாக அந்தத் தூளில் ஒரு பெரும்பங்கு பொங்கற் பானைக்குள் விழுந்தது. பச்சையரிசி, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், கஜு, முந்திரிகை வற்றல் எல்லாம் வழமைபோல. ருசியிலும் குறையில்லை.

மத்தியானத்துக்குள் வீட்டிலுள்ள எல்லோருக்கும் வயிறு இரைந்தது; சிறு பிள்ளைகள் கிணற்றடிக்கும் வீட்டுக்குமாக ஓடினார்கள். வருடக் கணக்காகப் பொங்கலைக் கண்ணாற் பார்த்து மட்டுமே இருந்த அம்மா அன்று இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டா. அடுத்த நாட் காலை இரத்தத்தைச் சோதித்தபோது சீனியின் அளவு என்றுமில்லாதபடி ஏறியிருந்தது. இவையெல்லாம் இரண்டொரு நாளிற் சரியாகிவிட்டன. சரியாகாதது ஒன்று. பானையில் ஒட்டியிருந்த மிச்சத்தை அவ்வீட்டு நாய்க்கு வைத்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் நாய் தள்ளாடியது, பிறகு விழுந்து வலித்தது, இரவு செத்துவிட்டது. யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று அயலில் ஒரு சண்டையும் வந்தது. சில நாட்களுக்குப் பின் அந்தப் பொதியை என்னிடம் கொண்டு வந்து காட்டினார்கள். அதன் பின்புறத்தில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டு வாசிக்க வேண்டிய எழுத்தில், பொருளின் பெயர் இருந்தது: சைலிற்றோல். நாய்க்குக் கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கையும் இருந்தது.

அன்பினாற் செய்த காரியத்தில் மூன்று தவறுகள். அந்த மூன்றையும் விளங்கிக்கொள்வதற்கே இப்பேச்சு.

முதலிற் பெயர். இப்பொருள்களுக்கு இரசாயனவியலார் கொடுத்த பெயர் சீனி அற்ககோல் என்பது. இந்தப் பெயரைக் கேட்டவுடனே நமது சங்கத்துப் பெரியவர் ஒருவர், "தம்பி, இது குடிவகையோ? விரத நாளிற் தொடலாமோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அற்ககோல் என்பது ஒரு தனிப் பொருளின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். காபன் அணுவொன்றில் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஒரு சிறு கூட்டம் தொங்கினால் அப்பொருள் இக்குடும்பத்தைச் சேரும். கள்ளிலும் சாராயத்திலும் மயக்கம் தருவது எதனோல் என்ற ஓர் அங்கத்தவர். சவர்க்காரத் தொழிலிற் கிடைக்கும் கிளிசரின் இன்னோர் அங்கத்தவர். அதைத் தொண்டைக்கும் தோலுக்கும் பூசுகிறோம், யாரும் வெறித்ததில்லை. சீனியின் மூலக்கூறோடு ஐதரசனைச் சேர்த்தால் வருவது சீனி அற்ககோல். அது வெறி தராது. ஒரே குடும்பத்தில் ஒருவன் குடிகாரன் என்பதற்காக எல்லோரையும் குடிகாரர் என்று சொல்லலாமா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவ்வினிப்புக்களில் இன்று அதிகம் பேசப்படும் எரித்திரிற்றோல் என்பதை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? சோள மாவிலிருந்து குளுக்கோசை எடுத்து, அதை ஒருவகை மதுவத்துக்கு உணவாகக் கொடுத்து நொதிக்க விடுகிறார்கள். பனையின் பாளைச் சாறு சுண்ணாம்பு தடவாத முட்டியிற் கள்ளாவதும் மதுவத்தின் தொழிலே. ஆனால் தொழிற்சாலையில் வளர்க்கும் இந்த மதுவ இனம் குளுக்கோசிற் பெரும்பங்கை எரித்திரிற்றோலாக மாற்றிவிடுகிறது. பின்னர் அதை வடித்துச் சுத்தம் செய்து பளிங்காக்குகிறார்கள். மதுவத்தினாற் பிறந்தும் மதுவாகாத பொருள் என்று வேண்டுமானாற் சொல்லிக்கொள்ளலாம்.

இவை புதிய கண்டுபிடிப்புக்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. மனிற்றோல் என்பதை 1806ஆம் ஆண்டிலே பிரான்சிய இரசாயனவியலார் புரூஸ்ற் ஒரு மரத்தின் பாலிலிருந்து பிரித்தார். எரித்திரிற்றோலை 1848இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோன் ஸ்ரென்ஹவுஸ் கண்டார். பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படரும் பாசி போன்ற ஓர் உயிரினத்தை ஆராய்ந்தபோது அது கிடைத்தது. சோபிற்றோல் 1872இல், சைலிற்றோல் 1891இல். சோபிற்றோல் இல்லாத பற்பசை இன்று அரிது. இருமல் மருந்துப் பாணியிலும் அது இருக்கும். மனிற்றோலை மூளை வீக்கத்துக்கு நாளத்தினூடாக ஏற்றுகிறார்கள். எரித்திரிற்றோல் மட்டும் நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் அலுமாரியிற் கிடந்து, 1990இல் யப்பானில் முதன்முதலாக உணவுப் பொருளாகச் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் 2001இலும் ஐரோப்பாவில் 2006இலும் இடம் பெற்றது. முந்திரிகைப் பழத்திலும் பேரிக்காயிலும் காளானிலும் சோயாக் குழம்பிலும் சிறிதளவு இயற்கையாகவே உண்டு.

இனி இவற்றின் பிரயோசனம்.

நாம் பாவிக்கும் வெள்ளைச் சீனியில் ஒரு கிராமுக்கு நான்கு கலோரி. சைலிற்றோலில் ஏறக்குறைய இரண்டரை. எரித்திரிற்றோலில் ஒரு கலோரியின் ஐந்தில் ஒரு பங்குதான். ஐரோப்பியர் அதையும் விட்டுவிட்டுப் பூச்சியம் என்றே எழுதுகிறார்கள். சைலிற்றோல் சீனியளவு இனிக்கும். எரித்திரிற்றோலின் இனிப்பு சீனியின் பத்தில் ஆறு, ஏழு பங்கு. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? எரித்திரிற்றோலின் மூலக்கூறு மிகச் சிறியது. காபன் அணுக்கள் நான்கே. ஆகையாற் சிறுகுடலிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் இரத்தத்துக்குட் சென்றுவிடுகிறது. ஆனால் அதை எரித்துச் சக்தி பெறும் வழி எமது உடலில் இல்லை. சிறுநீரகம் அதை அப்படியே வடித்து வெளியே அனுப்புகிறது. வந்த விருந்தாளி வாசலால் வந்து கொல்லையாற் போனதுபோல. இரத்தத்தில் குளுக்கோசை அது உயர்த்துவதில்லை, இன்சுலினையும் தூண்டுவதில்லை. சலரோகக்காரருக்கு இது உண்மையான அனுகூலம். நாளொன்றுக்கு மூன்று தேத்தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்று குடிப்பவர் அதிலேயே நூறு கலோரிக்கு மேல் உட்கொள்கிறார். அதை மிச்சம் பிடிக்கலாம்.

பற்களுக்கும் நன்மை உண்டு. வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியை உண்டு அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலமே பல்லைக் கரைப்பது. சீனி அற்ககோல்களை அவை அவ்வாறு உண்ணமாட்டா. பின்லாந்து தேசத்தில் தூர்க்கு என்னும் நகரத்தில் 1970களின் முற்பகுதியில் இரண்டு வருடம் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு கூட்டத்தார் சாதாரண சீனியையும், இன்னொரு கூட்டத்தார் சைலிற்றோலையும் உணவிற் சேர்த்தார்கள். சைலிற்றோல் உண்டவர்களுக்குப் பற்சூத்தை மிகக் குறைவாக இருந்தது. 1975இல் அந்நாட்டிற் சைலிற்றோல் சேர்த்த சுவிங்கம் விற்பனைக்கு வந்தது. நமது பிள்ளைகளின் முன்பற்களைப் பார்க்கும்போது அந்தப் பரிசோதனையை நினைத்துக்கொள்வேன். ஆனால் சுவிங்கம் வாங்கிக் கொடுத்துவிட்டு இரவிற் பல் தீட்டாமற் படுக்கவிடும் தாய்மாருக்கு நான் பொறுப்பில்லை.

இனி அந்தப் பொங்கல் வீட்டுக்கு வருவோம்.

வயிறு இரைந்ததற்குக் காரணம் விளங்குவது கடினமன்று. எரித்திரிற்றோல் தவிர்ந்த மற்றவை சிறுகுடலில் மெல்ல மெல்லவே உறிஞ்சப்படும். பெரும்பகுதி பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே அது தண்ணீரைத் தன்பால் இழுக்கும். அங்குள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்கும். தண்ணீரும் வாயுவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைத் தாய்மார் இருக்கும் சபையில் விவரிக்கத் தேவையில்லை. அன்று ஆளுக்கு நாற்பது ஐம்பது கிராம் உட்சென்றிருக்கும். இது நஞ்சன்று, அளவு மிஞ்சியதன் விளைவு. எரித்திரிற்றோலுக்கும் எல்லை உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023 டிசம்பரில் அதை மறுபடி ஆராய்ந்து, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு அரைக் கிராமுக்கு மேற்படக் கூடாது என்று வரையறுத்தது. வயிற்றுப்போக்கை மனத்திற் கொண்டே அந்த எல்லை. ஐம்பது கிலோ நிறையுள்ளவருக்கு இருபத்தைந்து கிராம்; தேக்கரண்டியால் ஏறக்குறைய ஆறு. பிள்ளைகள் நிறை குறைந்தவர்கள். அவர்களுடைய எல்லை ஒரு பணிஸ் துண்டிலும் ஒரு போத்தற் பானத்திலும் தாண்டிப்போகும்.

அம்மாவின் இரத்தத்திற் சீனி ஏறியதற்குக் காரணம் தூள் மட்டுமன்று. பானையில் அரிசி இருந்தது, பயறு இருந்தது, முந்திரிகை வற்றல் இருந்தது. அரிசியிற் பெரும்பகுதி காபோவைதரேற்று. சமிபாடடைந்தால் அது குளுக்கோசே. "சீனியில்லை" என்ற ஒரு வார்த்தை அவவுடைய கையை இரண்டாந்தரம் நீட்ட வைத்தது. நான் அறிந்தவரையில் இவ்வினிப்புக்கள் செய்யும் பெருந்தீமை இரசாயனத்தில் இல்லை. இந்த இரண்டாந்தரக் கையிலேதான் இருக்கிறது. சீனியில்லாத விசுக்கோத்து என்று ஒரு பெட்டியை ஒரே இருப்பில் முடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாவையும் எண்ணெயையும் யாரும் எடுத்துவிடவில்லையே! அன்றியும் அவ்வகை விசுக்கோத்திலும் சொக்லேற்றிலும் பெரும்பாலும் சேர்ப்பது மால்ற்றிற்றோல். அது எரித்திரிற்றோலைப் போன்றதன்று. ஓரளவு சமிபாடடைந்து இரத்தத்தில் குளுக்கோசை உயர்த்தவே செய்யும்.

நாயின் கதை வேறு. மனிதருக்குச் சைலிற்றோல் இன்சுலினை அவ்வளவாகத் தூண்டாது. நாயின் உடலோ அதைக் குளுக்கோசென்று ஏமாந்து இன்சுலினை அள்ளிச் சொரிகிறது. இரத்தத்திலுள்ள உண்மையான குளுக்கோசு சடுதியாக வீழ்ந்து, நாய் தள்ளாடி வலித்து விழுகிறது; தப்பினாலும் ஈரல் கெட்டுவிடலாம். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு கிராமே ஆபத்தை உண்டாக்கப் போதும். அப்படி நடந்தால் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். எரித்திரிற்றோல் நாய்க்கு இவ்விதம் செய்வதில்லை. ஆனால் இரண்டும் ஒரே நிறத் தூள், ஒரே மாதிரிப் பொதி. அயல் வீட்டாரோடு மூண்ட சண்டை பிறகு தணிந்தது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அந்த மகள் அழுதுவிட்டாள்.

பொதியை வாசிக்கும் விதத்தை இளைஞர்கள் பழகிக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய முறைப்படி இவற்றுக்கு இலக்கங்கள் உண்டு: 420 சோபிற்றோல், 421 மனிற்றோல், 965 மால்ற்றிற்றோல், 967 சைலிற்றோல், 968 எரித்திரிற்றோல். வீட்டில் ஆச்சி அப்புவுக்கு ஆங்கில எழுத்து வாசிக்க முடியாவிட்டாலும் இலக்கம் வாசிக்க முடியும். ஒரு கடதாசியில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நமது நாட்டிற் போத்தற் பானங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இடும் விதி 2016இல் வந்தது. அது சீனியின் அளவை மட்டுமே காட்டும். பச்சை வட்டத்தைக் கண்டவுடன் உள்ளே ஒன்றுமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இலையிலிருந்து எடுத்த ஸ்ரீவியா இனிப்பு என்று விற்கும் தூளும் அப்படியே. ஸ்ரீவியாச் சத்து சீனியிலும் இருநூறு முந்நூறு மடங்கு இனிப்பது. ஒரு கரண்டியாக அள்ள முடியாது. ஆகவே அதற்குப் பருமன் கொடுக்க எரித்திரிற்றோலைக் கலக்கிறார்கள். பல பொதிகளில் நிறைப்படி அதுவே பெரும்பாகம். படத்தில் மட்டும் பச்சை இலை.

இனி, பெரியோர்கள் கவலையோடு கேட்ட விஷயம்: இருதயம். 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாந்து வைத்திய நிலைய ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்ததில், எரித்திரிற்றோல் மிகக் கூடியவர்களுக்கு அடுத்த மூன்று வருடத்தில் மாரடைப்பு, பாரிசவாதம் முதலியன ஏற்படும் சாத்தியம், மிகக் குறைந்தவர்களைவிட ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. பத்திரிகைகள் இதைப் பெரிய எழுத்திற் போட்டன.

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த மனிதர்கள் எவ்வளவு எரித்திரிற்றோல் உண்டார்கள் என்று யாரும் அளக்கவில்லை; அவர்களிற் பலர் முன்பே இருதய நோய்க்காக வைத்தியரிடம் வந்தவர்கள். எமது உடலும் குளுக்கோசிலிருந்து சிறிதளவு எரித்திரிற்றோலைத் தானே செய்துகொள்கிறது என்பது 2017இல் நிறுவப்பட்டது. ஆகவே இரத்தத்தில் அது கூடியிருந்தது நோயின் காரணமா, அல்லது ஏற்கெனவே சீர்கெட்ட உடலின் அடையாளமா என்பதை அந்தக் கணக்கு மட்டும் தீர்க்காது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம். புகைதான் வீட்டை எரித்தது என்று சொல்லலாகாது.

ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அதே ஆராய்ச்சியாளர்கள் சுகதேகிகள் எட்டுப் பேருக்கு முப்பது கிராம் எரித்திரிற்றோல் கலந்த பானம் கொடுத்தார்கள். இரத்தத்தில் அதன் அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் உயர்ந்து, இரண்டு நாட்களுக்கு மேலாகவும் உயர்ந்தே நின்றது. 2024இல் பத்துப் பேருக்கு எரித்திரிற்றோலும் வேறு பத்துப் பேருக்குக் குளுக்கோசும் கொடுத்துப் பார்த்தபோது, எரித்திரிற்றோல் குடித்தவர்களின் குருதிச் சிறுதட்டுக்கள் எளிதில் ஒட்டித் திரளும் இயல்பைப் பெற்றன; மற்றவர்களிடம் அவ்வாறில்லை. சைலிற்றோலைப் பற்றியும் அவ்வருடமே இதையொத்த முடிவு வந்தது. திரண்ட இரத்தம் குழாயை அடைப்பதே மாரடைப்பு. இருபது பேர் கொண்ட பரிசோதனை சிறியதுதான். வருடக் கணக்காக உண்டவர்களைத் தொடர்ந்து பார்த்த பெரிய பரிசோதனை இன்னும் வரவேண்டும். ஆயினும் அலட்சியம் செய்யத் தக்கதன்று.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், இப்படிச் சொல்வேன். தேத்தண்ணீருக்கு ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று பாவிக்கும் சலரோகக்காரர் பயப்பட வேண்டியதில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் நிச்சயமான ஆபத்து சீனி. எரித்திரிற்றோலினுடையது சந்தேகமான ஆபத்து. ஆனால் மாரடைப்பு வந்தவர், இருதயக் குழாய்க்குச் சத்திரசிகிச்சை செய்தவர், பாரிசவாதம் கண்டவர் ஆகியோர் முப்பது கிராம் ஒரே தரத்தில் உட்செல்லும்படியான கேக்கையும் ஐஸ்கிறீமையும் தவிர்ப்பது நல்லது. பிறவியிலேயே பழச்சீனி ஒத்துவராத குழந்தைகளுக்குச் சோபிற்றோல் ஆகவே ஆகாது. உடலில் அது பழச்சீனியாக மாறும். நோயில்லாத இளைஞர்கள் மெலிவதற்காக இத்தூளை நாடுவதை நான் ஆதரிக்கவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே மாதத்தில், மெலிவதற்காகச் செயற்கை இனிப்புக்களை நாட வேண்டாம் என்று கூறியது. அந்த அறிவுரை சீனி அற்ககோல்களைச் சேர்க்காமற் சொன்னது என்பது உண்மை. சலரோகக்காரரையும் விட்டே சொன்னது. ஆனால் நாக்கை அதே இனிப்பிற் பழக்கி வைத்துக்கொண்டு வயிற்றை மட்டும் ஏமாற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

பனங்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்காக என்னோடு கோபிக்கப் போகிறவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். பனங்கட்டி நமது மண்ணின் பொருள், வாசமுள்ளது, தொழிலாளர் பலருக்குச் சீவியம் கொடுப்பது. நானும் வெறுந்தேத்தண்ணீரைப் பனங்கட்டி கடித்தே குடிக்கிறேன். ஆனால் அதிற் பெரும்பாகம் கடைச் சீனியிலுள்ள அதே சுக்குரோசுதான். "இது இயற்கையானது, சலரோகத்துக்கு ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டு அரை உமல் பனங்கட்டியை மாதத்தில் முடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு இப்போது ஒரு கால் இல்லை.

நைவேத்தியத்துக்கு இத்தூளைப் பாவிக்கலாமோ என்று மகளிர் பகுதியிலிருந்து ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இரசாயனம் சொல்லக்கூடியது, இதில் மதுவில்லை, மாமிசமில்லை என்பது மட்டுமே. மற்றதை ஐயரிடம் கேளுங்கள். எனக்குத் தோன்றுவது வேறு: சுவாமிக்குச் சலரோகமில்லை. சர்க்கரைப் பொங்கலைச் சர்க்கரையிலேயே பொங்குங்கள், மோதகத்தைப் பழையபடியே அவியுங்கள். நோயுள்ள அம்மாவுக்குப் பிரசாதம் ஒரு விரற்கடை கொடுங்கள். பிரசாதம் என்றால் அவ்வளவுதானே; அதை இரண்டு கோப்பையாக்கியது நாம்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். வெளித் திண்ணையில் தேத்தண்ணீர் இருக்கிறது. இடப்பக்கக் கேத்தலிற் சீனி போட்டது, வலப்பக்கத்திற் போடாதது. அதற்குப் பக்கத்திற் சிறு தட்டில் எரித்திரிற்றோல் வைத்திருக்கிறேன். ஒரு சிட்டிகையை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள்; கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் நாக்குச் சில்லென்று குளிரும். சீனி அப்படிச் செய்யாது. இரண்டையும் பிரித்தறிய வீட்டிற் செய்யக்கூடிய சோதனை இது ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஆனால் சைலிற்றோலும் குளிரும், ஆகையால் நாய் வளர்ப்பவர்கள் நாக்கை நம்பாமற் பொதியையே வாசியுங்கள். மீதித் தூளைத் தம்பிமார் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.